பீடி சுற்றும் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு: மகளிரியலா, பொருளாதாரமா?

கேள்வி (குடியாத்தத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறேன், வயது 34. பொருளாதாரத்தில் முதுகலையும் எம்.பில். பட்டமும் முடித்து, எட்டு ஆண்டுகளாக ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்தி வருகிறேன். திருமணம், குழந்தை, மாமனாரின் நோய் என்று ஒவ்வொன்றாக வந்து தள்ளிப்போன முனைவர் பட்ட ஆய்வை இந்த ஆண்டாவது தொடங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

எங்கள் அம்மா நாற்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறார். நான் பள்ளிக்குக் கிளம்பும் முன் இலை நறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி, அவர் மடியில் வைத்துப் பீடி சுற்றும் அந்த முறத்திலிருந்து வந்ததுதான். ஆகவே ஆய்வு பீடி சுற்றும் பெண்களைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ‘வேலூர் மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு’ என்று தலைப்பும் எழுதி வைத்துவிட்டேன். எந்தத் துறையில் பதிவு செய்வது என்பதுதான் விளங்கவில்லை.

ஒரு வழி, சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், பொருளாதாரத்தில் பகுதிநேரமாகப் பதிவு செய்வது. மற்றொரு வழி, மகளிரியல் துறை உள்ள பல்கலைக்கழகத்தைத் தேடிப் போவது. கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மகளிரியல் துறை இருக்கிறது. எதுவும் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் இல்லை. மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

“மகளிரியலில் பட்டம் வாங்கினால், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எந்தப் பாடத்திலும் உங்களைச் சேர்க்க மாட்டார்கள்” என்று எங்கள் துறைத் தலைவர் சொல்கிறார். மூன்று ஆண்டுகள் வெளியூரில் தங்கிப் படித்தாலும் வீட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கணவர் சொல்கிறார். ஆனால் மாமியார் அருகில் இல்லாத நேரத்தில்தான் சொல்கிறார்.

இந்தப் பாதையில் போனவர்கள் வழி சொல்ல வேண்டும். மகளிரியல் துறையில் சேர்ந்தால்தான் அது மகளிரியல் ஆய்வு ஆகுமா? பொருளாதாரத்தில் சேர்ந்தால் நான் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்க விடுவார்களா?

பதில் (சத்துவாச்சாரியிலிருந்து, ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை)

வணக்கம் அம்மா. பல ஆண்டுகள் வாய்மொழித் தேர்வுகளுக்குப் புறத்தேர்வாளராகப் போய்வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் துறையைக் கேட்கிறீர்கள். நான் தலைப்பிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால், அந்தத் தலைப்போடு நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் ஒரே ஆய்வேடுதான் வெளிவரும்.

‘சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு’ என்று முடியும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. சோத்கங்கா என்னும் ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் பீடித் தொழிலாளர் என்று தேடிப்பாருங்கள், நான் சொல்வது புரியும். முந்நூறு பேரிடம் வினாநிரல். வயது, சாதி, கல்வி, வருமானம், கடன் என்று வரிசையாக அட்டவணைகள். ஒரு கை-ஸ்கொயர் புள்ளியியல் சோதனை. கடைசி இயலில், அரசு ஆவன செய்ய வேண்டும் என்ற பரிந்துரை. அவற்றில் உழைப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெண்களைப் பற்றி எழுதியதெல்லாம் மகளிரியல் ஆகிவிடாது. வழக்கமான கணக்கில் பெண்ணின் உழைப்பு ஏன் விழாமல் போனது, அந்தக் கணக்கை யார் எப்படிப் போட்டார்கள் என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் அது மகளிரியல் ஆகிறது.

இந்தத் துறை பிறந்த கதையே அதுதான். பெண்களின் நிலையை அறிய 1971-இல் மத்திய அரசு அமைத்த குழு, 1974-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. விடுதலைக்குப் பின் பெண்களின் வாழ்வு சீராக உயர்ந்து வருகிறது என்று நம்பியிருந்த கல்வியாளர்களே அதைப் படித்து அதிர்ந்தார்கள். ஆயிரம் ஆண்களுக்கு 1901-இல் 972 பெண்கள் இருந்தார்கள். 1971-இல் 930 பேர்தான் இருந்தார்கள். எண்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எப்போதும் இருந்தவைதான். அவற்றைக் கேள்வியாக்கத்தான் ஆள் இல்லை. அதே 1974-இல் மும்பையின் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் பெண்களுக்கான ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 1981-இல் அங்கேயே முதல் தேசிய மகளிரியல் மாநாடு கூடியது. 1986-க்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழு மையங்களுக்கு நிதி தரத் தொடங்கியது. இதை நேர்காணலில் கேட்பார்கள் என்பதற்காகவும் சொல்கிறேன்.

இனி உங்கள் வீட்டு முறத்துக்கு வருவோம். பீடித் தொழிலாளருக்கான 1966-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. வீட்டில் சுற்றுபவர்களுக்கும் வருங்கால வைப்புநிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வேண்டும். கம்பெனியின் பதிவேட்டிலும் தொழிலாளிக்குத் தரும் அட்டையிலும் ஒருவர் பெயர்தான் ஏறும். அந்த ஒரு பெயரின் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன? இரவில் இலையை நனைத்து வைப்பவர் ஒருவர், காலையில் தகட்டை வைத்து அளவு பார்த்து நறுக்குபவர் ஒருவர், தூளை வைத்துச் சுற்றி நூல் கட்டுபவர் ஒருவர், முனையை மடக்கிக் கட்டாக்குபவர் ஒருவர். பள்ளிக்குப் போகும் முன் நீங்கள் நறுக்கிக் கொடுத்த இலைக்கு எந்தப் பதிவேட்டில் கணக்கு இருக்கிறது? கொடுத்த இலை ஆயிரம் பீடிக்குப் போதாதபோது, கைக்காசைப் போட்டு வெளியில் இலை வாங்கிச் சேர்க்கிறார்களே, அது கூலியில் கழிகிறதா, செலவில் சேர்கிறதா? கம்பெனிக்காக இலை கொடுத்துப் பீடியை வாங்கிக்கொள்ளும் ஏஜெண்ட், கழிவு என்று ஒதுக்கும் பீடிகளைச் சுற்றிய நேரம் யார் கணக்கில் போகிறது? ஒரு முறத்துக்குள்ளேயே ஓர் ஆய்வேட்டுக்கு வேண்டியது இருக்கிறது. மாவட்டம் முழுவதையும் ஏன் சுமக்கிறீர்கள்?

நேரத்தைப் பற்றி ஒரு சொல். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களை. 2024-இல் அது 289 என்றும் 88 என்றும் ஆனது. இந்த எண்களை உங்கள் முதல் இயலில் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தக் கணக்கெடுப்பு ஒரு நாளை அரைமணி நேரக் கட்டங்களாகப் பிரித்துப் பதிகிறது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டே உலையைப் பார்த்து, இடையில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண்ணின் அரைமணி நேரத்தை நீங்கள் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? இதைத் தெரு ஒன்றில் நாற்பது வீடுகளில் ஒரு பருவம் முழுவதும் உட்கார்ந்து பதிவு செய்தாலே போதும். முந்நூறு வினாநிரல்களைவிட மேலானது.

நம் வட ஆற்காடு ஆய்வுக்குப் புதியதன்று என்பதையும் நினைவில் வையுங்கள். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த கிராமங்களில் பழைய வட ஆற்காட்டின் தூசி என்ற ஊரும் ஒன்று. 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிய நெல் ரகங்களின் விளைவைப் பார்க்க நம் மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். 1980-களில் அதே ஊர்களுக்கு மறுபடியும் வந்தார்கள். ஆரணியைப் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஆராய்ந்திருக்கிறார்கள். பொருளாதார மாணவியான நீங்கள் இவற்றைத் தாண்டிப் போக முடியாது. நெல்லும் நிலமும் கடனும் வணிகமுமே அவற்றில் முன்னே நிற்கின்றன. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துத் திண்ணைகளில் உட்கார்ந்து சுற்றுபவர்களுக்கு அங்கே இன்னும் இடம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

துறைக்கு வருகிறேன். உங்கள் துறைத் தலைவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பணி நியமனங்களில், முதுகலையும் முனைவர் பட்டமும் அதே பாடத்திலோ தொடர்புடைய பாடத்திலோ இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். மகளிரியலுக்கெனத் தனியாக வரும் பணியிடங்கள் மிகக் குறைவு. 2017-இல் ஐந்தாண்டுத் திட்டக் காலம் முடிந்தபோது, மகளிரியல் மையங்களுக்கான நிதி தொடருமா என்றே நாடு முழுவதும் ஐயம் எழுந்தது. ஆகவே உங்கள் நிலையில், பொருளாதாரத்தில் பதிவு செய்துகொண்டு, மகளிரியல் துறையிலிருந்து ஓர் இணை நெறியாளரைக் கேட்டுப் பெறுவதே சரி என்பேன். துறை கடந்த ஆய்வுகளுக்கு, வேறு துறையிலோ வேறு நிறுவனத்திலோ உள்ளவரை இணை நெறியாளராக வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. நாற்பது வீடுகள் போதுமா, மாதிரியின் அளவை எப்படி நிர்ணயித்தீர்கள் என்று பொருளாதாரக் குழுவினர் ஒவ்வோர் ஆறு மாதமும் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு உங்கள் முறையியல் இயல் உறுதியாக இருக்க வேண்டும். எனக்கு உங்கள் வயதும் வீட்டுப் பொறுப்புகள் இல்லாத நிலையும் வாய்த்திருந்தால் மகளிரியலுக்கே ரயில் ஏறியிருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பதில் (ஆற்காட்டிலிருந்து, பகுதிநேர ஆய்வாளர்)

அக்கா, பேராசிரியர் அம்மா தலைப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் விதிகளைச் சொல்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஐந்தாவது ஆண்டாக ஆய்வு செய்து வருகிறேன். இந்த விதிகளில் பலவற்றை அடிபட்ட பிறகுதான் படித்தேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 நவம்பர் விதிகள்தான் இப்போது நடைமுறையில் உள்ளன. எம்.பில். படிப்பு நிறுத்தப்பட்டுவிட்டாலும், முன்பே பெற்ற உங்கள் பட்டம் செல்லும். பகுதிநேரமாகச் சேர்வதற்கு, ஆய்வுக்கு நேரம் ஒதுக்கித் தருவதாகவும் பாட வேலைக்கு (கோர்ஸ் ஒர்க்) தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிப்பதாகவும் உங்கள் கல்லூரி தடையின்மைச் சான்று தர வேண்டும். இதை வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். காலம், பாட வேலையையும் சேர்த்துக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு. எப்படிக் கூட்டினாலும் பத்தைத் தாண்டக் கூடாது. மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக ஆய்வுக் காலத்தில் ஒரு முறை 240 நாள் வரை விடுப்பு உண்டு. எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது இந்த 240 நாளைப் பற்றி அலுவலகத்தில் ஒருவரும் சொல்லவில்லை. விதியை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் கிடைத்தது. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் பெண், தன் ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளவும் விதியில் வழி இருக்கிறது. தொலைநிலைக் கல்வியிலோ இணையவழியிலோ முனைவர் பட்டம் கிடையாது. பணத்தைக் கட்டினால் வீட்டிலிருந்தபடியே வாங்கித் தருகிறோம் என்று கைப்பேசியில் அழைப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

நான் மிகவும் வருந்துவது நெறியாளர் விஷயத்தில்தான். எனக்கு வாய்த்தவர் நல்லவர், படித்தவர். ஆனால் நான்காம் ஆண்டில் ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்து வந்தவருக்கு என் தலைப்பு பிடிக்கவில்லை. தொழிற்சாலைப் பெண்களின் கழிப்பறை இடைவேளையைப் பற்றி நான் எழுதியிருந்த இயலை “இதெல்லாம் ஆய்வேட்டில் வரலாமா?” என்று கேட்டு ஒதுக்கி வைத்தார். ஒன்றரை ஆண்டு வீணானது. பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளர்களை ஏற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் நாம் எடுத்துக்கொள்ளும் காலம் மூன்று ஆண்டில் முடிவதில்லையே. நெறியாளரின் ஓய்வு நாளை நாசூக்காக விசாரித்துக்கொள்ளுங்கள். அவரிடம் முன்பு பதிவு செய்த பெண்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று, அவரிடம் கேட்காமல் அந்தப் பெண்களிடமே கேளுங்கள்.

உங்கள் வயதைப் பார்த்ததால் இன்னொன்றும் சொல்கிறேன். நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் மகளிரியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பின் 42,000. அது முழுநேர ஆய்வாளர்களுக்கு மட்டுமே. சுயநிதிக் கல்லூரிச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தங்கிப் படிக்கும் செலவைப் பற்றிய பேச்சே வீட்டில் மாறிவிடும். 2024 ஜூன் முதல், முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறும் ஒரு பிரிவும் நெட்டில் வந்திருக்கிறது. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். நெட்டை ஏற்கிறார்களா, தனி நுழைவுத் தேர்வு வைக்கிறார்களா என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் (பேரணாம்பட்டிலிருந்து)

நான் கல்லூரிப் பக்கம் போகாதவன். பீடித் தொழிலாளர் சங்கத்தில் இருபது ஆண்டு இருந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

எங்கள் தெருவுக்கு வினாத்தாளோடு வந்து போனவர்கள் பலர். வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். என்ன எழுதினார்கள் என்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. நன்றாகச் சுற்றுகிற கைக்கே ஆயிரம் பீடி என்பது ஒரு முழுநாள் வேலை. ஒரு மணி நேரம் முறத்தை இறக்கிவைத்து உங்களுக்குப் பதில் சொன்னால், ஏறக்குறைய நூறு பீடிக் கூலி போயிற்று. ‘வருமானம் குறைவு’ என்று எழுத வந்தவர்களே அந்த வருமானத்தில் கை வைத்துவிட்டுப் போன கதை இது. நீங்கள் முறத்தோடு வளர்ந்த பெண் என்பதால் சொல்கிறேன்: நீங்களும் ஒரு முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இலை நறுக்கிக் கொடுத்தபடியே பேசுங்கள்.

ஏஜெண்டை முதலில் போய்ப் பார்க்காதீர்கள். பார்த்தால், நீங்கள் அவர் அனுப்பிய ஆள் என்று தெரு முழுவதும் முடிவு கட்டிவிடும். பிறகு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சுற்றியதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நேரத்தில் அங்கே நின்று பாருங்கள். ஒரு கட்டைப் பிரித்துக் கொட்டி, கழிவு என்று ஒதுக்குவதற்குச் சில நொடிகளே ஆகும். எதிர்த்துக் கேட்டவளுக்கு அடுத்த முறை இலை குறைவாக வரும். அந்தச் சில நொடிகளை நீங்கள் எப்படி அட்டவணையில் போடப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. போட முடிந்தால் படிக்க நான் தயார்.

எனக்கு ஓர் அச்சமும் உண்டு. ஒருவர் பெயரிலுள்ள அட்டையில் இன்னொருவர் சுற்றுவதை நீங்கள் ஊர் பெயரோடு எழுதினால், அதைச் சாக்காக வைத்துக் கம்பெனி அந்தத் தெருவுக்கே இலையை நிறுத்திவிடலாம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடித் தொழிலாளர் நலநிதிக்கான தனி வரியும் போய்விட்டது. மிச்சம் இருப்பது இலையும் வைப்புநிதியும்தான். உங்கள் பட்டத்துக்காக அதில் ஒன்று போகக் கூடாது.

பதில் (வாணியம்பாடியிலிருந்து)

சகோதரிக்கு ஒரு சிறு குறிப்பு. வேலூர், பேரணாம்பட்டு, எங்கள் ஊர் என்று எங்கு போனாலும், பீடி சுற்றும் பெண்களில் வீட்டில் உருது பேசுபவர்கள் பலர். தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். ஆனால் அது ஆம், இல்லை என்ற அளவில் நின்றுவிடும். குறை, கோபம், கேலி எல்லாம் உருதுவில்தான் வரும். அதற்காக வீட்டு ஆண்களை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். மனைவி நான்கு வாக்கியம் பேசினால் கணவர் அரை வாக்கியம் சொல்வார். உங்கள் கல்லூரியிலேயே உருது பேசும் மாணவி யாராவது இருப்பார். அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள், அவருடைய உழைப்புக்கு ஊதியம் கொடுங்கள், ஆய்வேட்டில் நன்றி சொல்லுங்கள்.

கேட்டவரின் மறுமொழி (பத்து நாட்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் நன்றி. உடனே எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நீங்கள் சொன்னவற்றை முதலில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்து பார்த்ததுதான். கடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து இலை நறுக்கிக்கொண்டே, அவர் எத்தனை முறை எழுந்தார், எதற்காக எழுந்தார், எவ்வளவு நேரம் கழித்து வந்து உட்கார்ந்தார் என்று குறித்துக்கொண்டேன். காலை ஏழு மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் இடையில் அவர் இருபத்திரண்டு முறை எழுந்திருக்கிறார். அவரிடமே கேட்டால், “காலையிலிருந்து உட்கார்ந்த இடத்திலேதானே இருக்கிறேன்” என்கிறார்.

அட்டையைப் பற்றியும் கேட்டேன். முதல் பதினேழு ஆண்டுகள் அம்மா சுற்றியது பெரியம்மாவின் பெயரில் இருந்த அட்டையில். கூலியைக் கையில் வாங்கி இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். வைப்புநிதி மட்டும் பெரியம்மாவின் பெயரில் ஏறியிருக்கிறது. அதில் சண்டை ஒன்றும் இல்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று அம்மா இரண்டு மூன்று முறை சொன்னார். ஒரே முறத்தின் எதிரே வளர்ந்தும் இது எனக்கு இத்தனை வயது வரை தெரியாது. எழுதி வைத்திருந்த தலைப்பைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஓர் அட்டையின் பின்னால் எத்தனை பெண்கள், அந்தப் பெண்களுக்கிடையே கூலியும் நேரமும் வைப்புநிதியும் எப்படிப் பிரிகின்றன என்பதையே கேட்கப்போகிறேன். நாற்பது வீடுகள், ஒரே ஊர், ஊர் பெயர் இல்லாமல்.

பொருளாதாரத்தில் பகுதிநேரமாக விண்ணப்பிக்கிறேன். திருச்சியில் மகளிரியல் துறைப் பேராசிரியர் ஒருவருக்கு இணை நெறியாளராக இருக்க இயலுமா என்று கேட்டு மடல் அனுப்பியிருக்கிறேன். வயது வரம்புக்குள் இருக்கும்போதே மகளிரியலில் நெட் தேர்வையும் ஒரு முறை எழுதிவிடுகிறேன். உதவித்தொகை கிடைத்துவிட்டால், மாமியார் முன்னிலையிலேயே கணவரைப் பேசச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

பேராசிரியர் அம்மாவிடம் மட்டும் ஒரு கேள்வி. என் அம்மாவையே ஒரு தகவலாளராக ஆய்வேட்டில் சேர்க்கலாமா? சொந்த வீட்டைப் பற்றி எழுதினால் நடுநிலை இல்லை என்று தேர்வாளர் சொல்வாரோ?

பதில் (சத்துவாச்சாரியிலிருந்து)

சேர்க்கலாம். மறைத்துச் சேர்த்தால்தான் குற்றம். நீங்கள் யார் மகள், எந்த முறத்தின் எதிரே வளர்ந்தீர்கள் என்பதை முறையியல் இயலிலேயே எழுதிவிடுங்கள். நடுநிலை என்று சொல்லிக்கொண்டு தன்னை மறைத்துக்கொள்வதைவிட அதைத்தான் மகளிரியல் கேட்கிறது. பொருளாதாரத் தேர்வாளர் புருவத்தை உயர்த்துவார், உயர்த்தட்டும். மற்ற முப்பத்தொன்பது வீடுகளின் பதிவு அவருக்குப் பதில் சொல்லும். அம்மாவிடம் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டுங்கள்; எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அட்டைகளைப் படம் எடுப்பதானால் பெயரையும் எண்ணையும் மறைத்த பிறகே எடுங்கள்; பேரணாம்பட்டு ஐயா சொன்ன அச்சம் நியாயமானது. நெறிமுறைக் குழு இருந்தால் களத்துக்குப் போகும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று. அட்டை பெரியம்மாவின் பெயரில் இருந்ததால், இது அவருடைய கதையும் ஆகிறது. உங்கள் அம்மாவின் ஒப்புதல் மட்டும் போதாது. முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பதினேழு ஆண்டுகளை எழுதாமல்தான் விட வேண்டியிருக்கும்.